பதினாலாம் இடத்துக் கல்

எனக்குக் கல்லைப் பிடிக்காது. ஜியாலஜியில் சேர்ந்த அன்று என் நிலைமை அதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டேன், இடம் இல்லை என்றார்கள். காமர்ஸ் கேட்டேன், அது முந்தின நாளே நிரம்பிவிட்டதாம். சேர்க்கை மேஜையில் இருந்தவர் பட்டியலை விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்து கடைசி வரியில் நிறுத்தினார். "ஜியாலஜி இருக்கும்மா. அதுல எப்பவும் எடம் இருக்கும்" என்றார். அந்த 'எப்பவும்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்ததால் பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் கல்லூரி சின்னது. மூன்று கட்டடங்கள், ஒரு கேண்டீன். பத்து மணிக்கு மேல் போனால் பப்ஸ் கிடைக்காது. ஜியாலஜி துறை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், வழி தவறியவர்கள் மட்டும் வந்து சேரும் இடத்தில் இருந்தது. வகுப்பில் மொத்தம் பதினோரு பேர். மற்ற துறைக்காரர்கள் எங்களை 'ஜல்லி' என்று கூப்பிடுவார்கள். செந்துறையில் எங்கள் தெருவில் அதைவிட மோசம். என் அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். "அப்பனும் கல்லு, மவளும் கல்லு, வூடு வெளங்கிடும்" என்று எதிர்வீட்டு அத்தை என் காதில் விழும்படியே சொல்லும். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவேன்.

எல்லாம் முதல் ஃபீல்டு நாள் வரைக்கும்தான்.

எங்கள் சார் ஒல்லியாக, துணித் தொப்பி போட்டு, இடுப்பில் சுத்தியல் செருகிக்கொண்டு நடப்பார். ஐம்பது வயதுக்கு மேல். சுகர் இருந்ததால் சட்டைப் பையில் எப்போதும் மேரி பிஸ்கட். சின்ன விஷயத்துக்கெல்லாம் சிடுசிடுப்பார், பெரிய விஷயத்துக்குக் கோபமே வராது. அரியலூரிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி, தண்ணீர் ஓடாத ஓர் ஓடைக்குள் எங்களை இறக்கினார். ஒரு கல்லை எடுத்தார். எங்கள் கண் முன்னாலேயே அதை நாக்கால் நக்கினார்.

"நீங்களும் நக்கிப் பாருங்க" என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் பக்கத்து பெஞ்சுத் தோழி, வாலிகண்டபுரத்திலிருந்து வருகிறவள், எதற்கும் முதல் ஆளாக நிற்பாள். அவள்தான் முதலில் நக்கினாள். "உப்பு இல்லியே சார்" என்றாள்.

"உப்பு போயி ஏழு கோடி வருசம் ஆச்சும்மா" என்றார் சார். "ஈரமானாத்தான் உள்ள இருக்குறது தெரியும். இப்பப் பாரு."

நானும் கண்ணை மூடிக்கொண்டு நக்கினேன். திறந்து பார்த்தால், புழுதி படிந்த அந்தச் சாதாரணக் கல் முழுக்கச் சிப்பிகள். நகக்கண் அளவு, கட்டைவிரல் அளவு, ஒன்றின் மேல் ஒன்றாக, வெள்ளை வெளேரென்று. நிமிர்ந்து ஓடையின் கரையைப் பார்த்தேன். அங்கும் சிப்பி. என் செருப்புக்கு அடியிலும் சிப்பி. "இது கடலோட தரை. நீங்க நிக்கிறது தண்ணிக்குள்ள" என்றார் சார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயமாகக்கூட இருந்தது. பத்தொன்பது வருஷமாக நான் பஸ்ஸில் கடந்து போன ஊர் இதுதானா என்று இருந்தது. அன்று மாலை செந்துறை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்திரித் தோப்பையும் மக்காச்சோளக் கொல்லையையும் பார்த்துக்கொண்டு வந்தேன். கண்டக்டர் விசில் ஊதினார், யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். இவர்கள் தலைக்கு மேல் எத்தனை ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்கும் என்று யோசித்தேன். அதற்குப் பிறகு கல்லைப் பிடிக்காது என்று நான் சொன்னதில்லை.

துறையில் ஒரு கண்டிப்பு உண்டு. எந்தக் கல்லை எடுத்தாலும் அந்த இடத்திலேயே நோட்டில் எழுத வேண்டும். எந்த இடம், எந்த அடுக்கு, தரையிலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது, எல்லாம். பிறகு கல்லின் மேல் வெள்ளை பெயிண்ட் ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் கறுப்பு மையில் நம்பர் போட வேண்டும். எழுதியது தப்பாகிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அடித்த எழுத்தும் படிக்கும்படி இருக்க வேண்டும். "எங்க கெடச்சதுன்னு தெரியலன்னா அது ரோட்டுல கொட்டுற ஜல்லி, அவ்ளோதான்" என்பார் சார். ஓடையில் அவர் இருபத்திரண்டு இடங்களுக்கு எண் கொடுத்து வைத்திருந்தார். அடுக்கடுக்காக டேப் பிடித்து அளந்து, சார்ட் தாள்களை ஒட்டி ஒட்டி, பாய் நீளத்துக்கு ஒரு படம் வரைந்திருந்தார். எட்டு வருஷ வேலை. அதுதான் அவருடைய முனைவர் பட்டத்துக்கான ஆய்வு. "சார் டாக்டர் ஆகறதுக்குள்ள நமக்குப் பேரப்புள்ள பொறந்துடும்டி" என்று என் தோழி சொல்வாள். நாங்கள் மூன்றாம் வருஷம் போனபோது அந்த வேலை முடியும் நிலைக்கு வந்திருந்தது. அந்த செமஸ்டர் முடிவதற்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும்.

துறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. மிக நல்ல மாதிரிகள் மட்டும் அதற்குள் போகும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்ன அட்டை, அதில் 'கண்டெடுத்தவர்' என்று மாணவரின் பெயர். அத்தனை வருஷத்திலும் ஏழு பெயர்கள்தான். மூன்றாம் வருஷம் எட்டாவதாக என் தோழியின் பெயர் உள்ளே போனது. ஒரு முழுக் கடல் முள்ளெலியின் ஓடு, உருண்டையாகக் கல்லாகி, அத்தனை கோடுகளும் அழியாமல். நான் கைதட்டினேன், கட்டிப்பிடித்தேன், பப்ஸ் வாங்கித் தரச் சொல்லித் தின்றேன். உள்ளுக்குள் வயிறு எரிந்தது. ஒன்பதாவது பெயர் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அப்பா வேலை முடிந்து வரும்போது துண்டில் எதையோ சுற்றிக் கொண்டுவந்தார். அவிழ்த்தால் ஓர் அம்மோனைட். சுருண்டு சுருண்டு போகும் அந்தக் காலத்துக் கடல் பிராணியின் ஓடு, கல்லாகிப் போனது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்தது. புத்தகத்தில்தான் அவ்வளவு பெரிதாகப் பார்த்திருக்கிறேன். "ஒனக்குப் புடிக்குமேன்னு எடுத்தாந்தேன் பாப்பா" என்றார். எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. மூன்று வருஷம் படித்தவள், முதல் கேள்வியாக வாயில் வந்திருக்க வேண்டியது அது. என் மனம் அதற்குள் அலமாரியில் போய் நின்றுவிட்டது.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா அதைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குக் கீழே வைத்துக் குங்குமமும் இட்டுவிட்டாள். "சாலக்கிராமம்டி இது, பெருமாளே வூட்டுக்கு வந்திருக்காரு" என்றாள். அன்று வெள்ளிக்கிழமை வேறு. திங்கட்கிழமை காலையில் அம்மாவோடு ஒரு சண்டை போட்டுத்தான் பெருமாளைக் குங்குமம் துடைத்து டிபன் பைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் நோட்டைப் புரட்டினேன். முந்தின ஃபீல்டில் எனக்குத் தலைவலி என்று பதினாலாம் இடத்தில் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுதினேன். 'இடம் 14. மேலிருந்து இரண்டாம் அடுக்கு. ஓடைத் தரையிலிருந்து நான்கு அடி.' பஸ் குலுங்கியதில் எழுத்து கோணலாக விழுந்தது. ஓடையில் நின்று எழுதியது போலவே இருந்தது.

சார் அதை இரண்டு கையாலும் வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "யாரு கழுவச் சொன்னது?" என்று முதலில் சிடுசிடுத்தார். பிறகு, "போட்டோ எடுத்தியாம்மா?" என்றார். போனில் சார்ஜ் இல்லை என்றேன். அது இரண்டாவது பொய். "உள்ள வெள்ளையா இருக்கே... அந்த அடுக்கு மஞ்ச மணலாச்சே" என்று தனக்குள் முனகினார். என் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"இந்த வகை ரொம்பக் கீழ இருக்குற அடுக்கோட போயிடுச்சுன்னு நெனச்சோம்" என்றார். "இது பதினாலுல, அவ்ளோ மேல, பிந்தின அடுக்குல இருக்குதுன்னா, கடல் நம்ம நெனச்சதவிட ரொம்ப நாளு இங்கயே நின்னுருக்கும்மா. நான் வரைஞ்சதெல்லாம் தப்பு."

தப்பு என்று சொன்னவரின் முகத்தில் வருத்தம் இல்லை. சந்தோஷம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. ஒரு பெயர் அட்டைக்கு ஆசைப்பட்டுச் சொன்ன பொய், போக வேண்டிய நேரத்தில் போன ஒரு கடலைப் பிடித்து நிறுத்தி வைத்துவிட்டது. எட்டு வருஷப் படத்தை அவர் பென்சிலால் திருத்த ஆரம்பித்தார். அட்டையும் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டார். ஒன்பதாவது பெயர், என்னுடையது. கண்ணாடிக்கு வெளியே நின்று ஒருமுறைதான் பார்த்தேன்.

இரண்டு சனிக்கிழமைகள் பதினாலாம் இடத்துக்குப் போனோம். இன்னொரு துண்டாவது கிடைத்தால் ஆய்வில் உறுதியாக எழுதலாம் என்று சார் சொன்னார். உச்சி வெயிலில் மண்டி போட்டு, லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பதினோரு பேரும் பார்த்தோம். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் அவருக்குச் சுகர் இறங்கிவிட்டது. உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிட்டுத் தின்றுவிட்டு மறுபடியும் எழுந்தார்.

"இந்த எடந்தானா? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லும்மா."

நான் விரலை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினேன். அங்கே ஒன்றும் இல்லை என்று அந்த ஓடையில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் தோழி ஒரு கட்டத்தில் சலித்துப்போய், "எதுவும் இல்ல சார், வேற எங்கயாச்சும் இருந்து உருண்டு வந்துருக்கும்" என்றாள்.

"நோட்டுல இருக்கேம்மா" என்றார் சார். "அவ அங்க நின்னு எழுதிருக்கா."

அந்த ஓடையை எட்டு வருஷம் தன் கண்ணால் பார்த்தவர். அந்தக் கண்ணை விட்டுவிட்டு என் நோட்டை நம்பினார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் பட்டமே போய்விடும் என்று பயம், தெருவில் அத்தை முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம். சாருடைய பட்டத்தைப் பற்றி அப்போதும் நான் இரண்டாவதாகத்தான் நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

திங்கட்கிழமை மதியம் துறையில் அவர் அந்த அம்மோனைட்டை மேஜையில் வைத்து, மெல்லிய தூரிகையால் சுருள்களின் இடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஜெராக்ஸ் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "இங்க பாரு" என்றார். உட்சுருளின் பள்ளத்தில் சிவப்பாக ஒரு கோடு. "இரும்புக் கறை. மேல இருந்து தண்ணி எறங்கிருக்கு. பதினாலோட மேல் அடுக்குல இரும்பு உண்டு. அப்ப சரியா வருது பாத்தியா!" என்று சொல்லிக்கொண்டே ஆய்வின் தாளில் எழுதத் தொடங்கினார். 'இரும்புக் கறை காணப்படுகிறது' என்று அவர் பேனா எழுதுவதை நான் நின்று பார்த்தேன்.

அது என் அம்மா இட்ட வெள்ளிக்கிழமைக் குங்குமம்.

"சார், எழுதாதீங்க. அது இரும்பு இல்ல. குங்குமம்" என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தலைவலி, காலிப் பக்கம், பஸ், அப்பா, துண்டு, எல்லாம். அழுதுகொண்டே சொன்னதால் பாதி அவருக்குக் கேட்டிருக்காது. திட்டுவார், நோட்டைத் தூக்கி எறிவார் என்று காத்திருந்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார். கல்லைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இது எங்க கெடச்சது?" என்றார்.

"தெரியாது சார். நான் கேக்கல."

அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. "மூணு வருசம் என்ன படிச்ச? கேக்கக்கூட இல்லியா? போ, அப்பாவக் கூட்டிக்கிட்டு வா" என்று கத்தினார். பொய் சொன்னதற்குக் கத்தவில்லை, கேட்காமல் விட்டதற்குக் கத்தினார்.

மறுநாள் அப்பா காலை ஷிஃப்ட் முடிந்து நேராக வந்துவிட்டார். காக்கிச் சட்டை, புருவம் எல்லாம் வெள்ளைத் தூசி. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன், டி.சி. கொடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். தரை அழுக்காகிவிடும் என்று வாசலிலேயே நின்றார். "இங்கயே சொல்லுங்க சார், கேட்டுக்குறேன்" என்றார். சார் எழுந்து போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தார். மேஜை மேல் கல்லை வைத்தார்.

"இத எங்க எடுத்தீங்க? ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்களே. மேக்கால குழிங்க. எறக்கத்துல போனா எடது கைப் பக்கம், கீழேருந்து மூணாவது படி. ஒரு சாண் அகலத்துக்கு மஞ்ச மண்ணு ஒரு வரி ஓடுதுங்க. அதுக்கு நேர் கீழ ஒரு மொழம். கெழக்கால கொஞ்சம் சாஞ்சு, வாயி கீழ பாத்தாப்ல இருந்துச்சு. ரெண்டு நாளா பாத்துக்கிட்டே இருந்து, மூணாம் நாளு சூப்பர்வைசருகிட்ட சொல்லிட்டுக் கடப்பாறயால நெம்பி எடுத்தேங்க."

சார் எழுதுவதை நிறுத்தினார். எங்கள் நோட்டில் எழுத வேண்டியது அத்தனையும் அதில் இருந்தது. நாங்கள் யாரும் இவ்வளவு சரியாக ஒரு நாளும் எழுதியதில்லை.

"எப்படிங்க இவ்ளோ ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"லோடு ஏத்தற வரைக்கும் சும்மாதானங்க நிப்போம். எதுத்தாப்ல செவுருதான். பதினெட்டு வருசமா அதத்தான் பாக்குறேன்."

சார் அந்தப் பாய் நீளப் படத்தை மேஜையில் விரித்தார். தாள் போதாமல் பெஞ்சின் மேலும் வழிந்தது. எனக்கு அந்தப் படத்தைப் படிக்க ஒரு வருஷம் ஆனது. அப்பா குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். தூசிக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முகவாயால் காட்டினார். "இது ஓடைங்களா? அப்ப எங்க குழி இதுக்கும் கீழ வருங்க. மொதல்ல இந்தச் சிப்பி அடுக்கு, அதுக்கும் கீழ எறங்கினாத்தான் இந்தச் சுருட்டைங்க வரும். மேல ஒண்ணுகூட நான் பாத்ததில்லீங்க" என்றார். சார் எட்டு வருஷம் அளந்து கண்டுபிடித்தது அதுதான். நான் என் அப்பாவை அண்ணாந்து பார்த்தேன். எதிர்வீட்டு அத்தை சொன்ன 'அப்பனும் கல்லு' ஞாபகம் வந்தது.

"இந்த மாரி நெறய வருங்களா?" என்றார் சார்.

"வருங்க. கிரஷருக்குள்ள போயிடும். நேத்துகூட ரெண்டு போச்சு."

சார் பென்சில் திருத்தங்களை ஒவ்வொன்றாகக் கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டார். நான் நிறுத்தி வைத்திருந்த கடல் தன் நேரத்துக்கே திரும்பிப் போனது. பிறகு என் நோட்டை என் முன்னால் தள்ளினார். பதினாலாம் இடத்துக் குறிப்பின் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அந்த நோட்டு துறையில்தான் இருக்கிறது. என் பொய்யை இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். புராஜெக்ட்டில் எனக்குப் பாஸ் மார்க்கு மேல் ஒரு மார்க்குகூடத் தரவில்லை. சார் அடுத்த வருஷம் டாக்டர் ஆனார்.

அலமாரியில் இருந்த பழைய அட்டையை எடுத்துவிட்டு, புதிய அட்டையை என்னையே எழுதச் சொன்னார். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். எழுத்து சரியாக வராமல் இரண்டு அட்டைகள் வீணாகின. அப்பா கண்ணாடிக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய் எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் படித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

செந்துறை பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தேன். முந்திரித் தோப்புகள் வந்தபோது வெளியே கை காட்டி, "நெசமாவே இங்க கடலா பாப்பா?" என்றார்.

"நெசம்தாம்ப்பா."

"இந்த எடத்துல எம்மாம் ஒசரம் தண்ணி நின்னுருக்கும்?"

பத்து ஆள் உயரம், நூறு ஆள் உயரம் என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நான் சொல்வதை அப்படியே நம்புகிற மனிதர் அவர்.

"தெரியலப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே மேலே, வெகு மேலே பார்த்தார்.